அம்மாவுக்கு விசர் இல்லை: மாதவிடாய் நிற்கும் காலமும் வீட்டாரும்

மார்கழிக் குளிர் நாட்கள். கிளிநொச்சிக்குத் தெற்கே மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் 48 வயதுத் தாய் ஒருவர் இரவு 2 மணிக்கு எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் வார்க்கத் தொடங்கினார். முதல் நாள் மகன் கண்டும் காணாததுபோலப் படுத்துவிட்டான். மூன்றாம் நாள் அப்பம்மாவிடம் சொன்னான். அப்பம்மா அயலில் பார்வை பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் விபூதி போட்டு, நூல் கட்டி, "கடைசிச் சண்டையில செத்ததுகள் சும்மா விடுமே?" என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் கிணற்றுக்குத் தகரத்தால் மூடி போட்டுப் பூட்டினார்கள். தாய் உள்ளே குதித்துவிடுவாரோ என்று அவர்களுக்குப் பயம்.

இத்தனையும் நடந்தது. ஆனால் "ஏன் அம்மா இரவில முழுகிறீங்கள்?" என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிராது" என்கிறார் அந்தத் தாய். "நெஞ்சுக்குள்ள இருந்து நெருப்பு ஏறின மாதிரி, முகமெல்லாம் எரியும். சட்டை நனைஞ்சுபோம். பிறகு குளிரும். நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேக்கும். எனக்கும் விசர்தான் பிடிக்குது எண்டு நினைச்சன்."

சில மாதங்களுக்குப் பின் கர்ப்பமாயிருந்த மருமகளைப் பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் திண்ணையில் இருந்த இவரைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார். "அக்கா, உங்களுக்குச் சுகயீனம் கடைசியா எப்ப வந்தது?" எட்டு மாதம். அவ்வளவுதான் விடயம். கிணற்று மூடி அடுத்த நாளே கழற்றப்பட்டது.

எமது சமூகத்தில் ஒரு பிள்ளை பெரியவளானால் ஊருக்கே தெரியும். தண்ணி வார்ப்பு, உளுத்தங்களி, நல்லெண்ணெய், மாமிமார் தூக்கிவரும் தட்டங்கள், மண்டபம், வீடியோ. வசதியில்லாதவர்களும் கடன்பட்டாவது சாமத்திய வீட்டைச் செய்துவிடுகிறார்கள். அதே பெண்ணுக்கு 35 வருடங்களுக்குப் பின்னர் மாதவிடாய் நிற்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. அப்போதும் அவளுக்கு உளுத்தங்களி நல்லதுதான். யாரும் கிண்டிக் கொடுப்பதில்லை.

உடலில் நடப்பது என்ன?

மாதவிடாய் பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் விட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்லலாம். அதற்கு முன்னரே சில வருடங்கள் தடுமாற்றமாக இருக்கும். இரண்டு மாதம் வராது, பிறகு ஒரே மாதத்தில் இரண்டு தரம் வரும், சில வேளை அள்ளுப்பட்டுப் போகும். சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ரோஜன் என்னும் ஓமோன் கூடிக் குறைந்து, கடைசியில் வெகுவாகக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். உடலின் வெப்பத்தைச் சமப்படுத்தும் மூளைப்பகுதி இந்த மாற்றத்தால் குழம்பி, சிறிய வெப்பத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் ஒரு நாளில் பல தடவை வரலாம், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரலாம். நித்திரையின்மை, மறதி, எரிச்சல், காரணமில்லாத அழுகை, மூட்டு நோ, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி சலம் போதல் என்பனவும் இதனோடு சேர்ந்தவையே. எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. ஒன்றுமே தெரியாமல் கடந்துபோகும் அதிர்ஷ்டசாலிகளும் உண்டு. அவர்கள்தான் மற்றவர்களைப் பார்த்து "எங்களுக்கு இதெல்லாம் வரேல்லையே, இவளுக்கு மட்டும் என்ன நடிப்பு" என்கிறவர்கள்!

சூலகங்களை அகற்றும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இந்த மாற்றம் படிப்படியாக அல்ல, ஒரே நாளில் வரும். வேதனையும் கூட. 40 வயதுக்கு முன்னரே நின்றுவிட்டால் அது வயதின் இயல்பு அல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டிய விடயம். 2009 இன் கடைசி மாதங்களிலும் பின்னர் முகாமிலும் மாதவிடாய் மாதக்கணக்கில் வராமல் இருந்ததாகச் சொல்லும் பெண்கள் பலர். பட்டினியும் அதிர்ச்சியும் அப்படிச் செய்யும். அது தற்காலிகமானது, இது வேறு. "அப்பவும் நிண்டு பிறகு வந்ததுதானே" என்று இதையும் தட்டிவிடக் கூடாது.

நெஞ்சு படபடக்கும்போது

போரைக் கடந்துவந்த பெண்களுக்கு இந்தக் காலம் ஏன் கூடுதல் பாரமாகிறது என்பதைப் பற்றி வெளிநாட்டுத் துண்டுப்பிரசுரங்களில் எதுவும் இருக்காது. நாம்தான் பேசவேண்டும்.

இரவில் திடீரென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு அடிக்கிறது, உடல் வியர்த்து நடுங்குகிறது. பங்கருக்குள் இருந்த இரவுகளில் உடல் எப்படி இருந்ததோ அதே மாதிரி. உடலுக்கு வந்தது ஓமோன் மாற்றம்தான். ஆனால் மனம் பழைய இடத்துக்கு ஓடிவிடுகிறது. "செல் குத்தப் போகுது" என்ற பயம், அதன் பின்னால் அன்று இழந்த பிள்ளையின் முகம், அதன் பின்னால் நித்திரை இல்லை. நித்திரை கெட்டால் அடுத்த நாள் எரிச்சல் கூடும், எரிச்சல் கூடினால் வீட்டில் சண்டை. பல வருடங்களாக வராமலிருந்த கெட்ட கனவுகள் இந்த வயதில் திரும்பி வந்ததாகச் சொன்ன தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் செய்யவேண்டியது மிகச் சிறியது. விளக்கைப் போடுங்கள். பெயரையோ உறவு முறையையோ சொல்லிக் கூப்பிடுங்கள். "அம்மா, இது எங்கட வீடு, நான் பக்கத்தில இருக்கிறன், இது அந்தச் சூடுதான், கொஞ்சத்தில போயிடும்" என்று சொல்லுங்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர், கழுத்துக்கும் முகத்துக்கும் நனைத்த துவாய். கட்டிப்பிடிப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு மூச்சு முட்டும். கேட்டுவிட்டுத் தொடுங்கள். "பழசை மறவுங்கோ" என்று மட்டும் சொல்லவேண்டாம். மறக்கக்கூடியது என்றால் எப்போதோ மறந்திருப்பார்.

பல வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, "நான் இருந்து என்ன" என்று கதைத்தாலோ அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம்.

யன்னலைத் திறந்து படுங்கள் என்கிறார்கள்

இக்காலத்துக்கான ஆலோசனைகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது, காற்றோட்டமான அறையில் யன்னலைத் திறந்து படுக்கவேண்டும் என்பது. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்த ஒரு அக்கா கேட்டார்: "ஆம்பிளை இல்லாத வீட்டில யன்னலைத் திறந்துபோட்டு எப்பிடித் தங்கச்சி படுக்கிறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தகரக் கூரை, கல்லுச் சுவர், அடித்துச் சாத்திய யன்னல். உள்ளே ஒரு தாயும் வயதுவந்த மகளும். குடித்துவிட்டு வேலி பாய்பவர்கள் இருக்கும் ஊரில் அந்த அக்கா வியர்வையில் நனைந்தபடி விடியும்வரை இருக்கிறார். இங்கே உதவவேண்டியது அவருடைய அண்ணனும் தம்பியும்தான். அந்த யன்னலுக்கு ஒரு இரும்புக் கிறில் அடித்துக் கொடுக்கலாம். கூரைக்குக் கீழே கிடுகு பரவினால் பகல் சூடு குறையும். கட்டிலைச் சுவரோரத்திலிருந்து யன்னல் பக்கம் தள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்கள் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் காசில் ஒரு மேசைக் காற்றாடிக்கும் அனுப்பலாம். கந்தன் கோபிக்கமாட்டான்.

மற்றவை கையிலுள்ளவை. நைலோன் நைற்றியை விட்டுப் பருத்திச் சட்டை. மாற்றுவதற்கு இன்னொன்று தலைமாட்டில். ஒரு செம்பு தண்ணீர். மாலைக்குப் பிறகு கடும் சாயத் தேநீர் வேண்டாம். உறைப்புக் கறியும் வெற்றிலை புகையிலையும் சிலருக்குச் சூட்டைக் கிளப்பும். எது கிளப்புகிறது என்று அவரவரே பார்த்துக் குறைக்கலாம். புகையடுப்போடு மாரடிக்கும் நேரத்தைத்தான் முக்கியமாகக் குறைக்க வேண்டும். விறகு கொத்துவதும் தண்ணீர் அள்ளுவதும் இரவு வேளைப் புட்டு அவிப்பதும் மகனுக்கும் முடியும். அவியலாம், பழகட்டும்.

செயற்கைக் கால் பொருத்தியிருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திடீர் வியர்வையால் காலின் எஞ்சிய பகுதியில் ஈரம் தேங்கித் தோல் உரிந்து புண்ணாகும். கழற்றித் துடைத்துக் காயவிட அவருக்கு வீட்டில் ஒரு மறைவான இடமும் கொஞ்ச நேரமும் வேண்டும். அந்த நேரத்தில் "அதை எடு, இதை எடு" என்று கூப்பிடாமல் இருப்பதே பெரிய உதவி.

கணவன்மாருக்கு

இந்தப் பகுதியை வெட்டியெடுத்துக் கணவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

ஈஸ்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. உறவு நோகிறது. மனைவி விலகிப் படுப்பது உங்களைப் பிடிக்காததால் அல்ல, நோவதால். இதைச் சொல்ல அவருக்கு வெட்கம். சொல்லாதபோது உங்களுக்குச் சந்தேகம். எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில்தான் அடியும் குடியும் தொடங்குகின்றன. நோவுக்கு மருந்து இருக்கிறது. பூசும் கிறீம்கள் உண்டு, வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். அதுவரை பொறுமையும் நெருக்கமும் போதும். பக்கத்தில் இருந்து கதைப்பதற்கு எந்த ஓமோனும் தேவையில்லை.

இன்னொரு விடயம். மாதவிடாய் தடுமாறத் தொடங்கிவிட்டதால் இனிப் பிள்ளை தங்காது என்று நினைக்கவேண்டாம். 50 வயதுக்குப் பின் நின்றால் ஒரு வருடத்துக்கும், அதற்கு முன்னர் நின்றால் இரண்டு வருடத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடரவேண்டும். பேரப்பிள்ளையோடு சேர்த்துத் தொட்டிலாட்ட நேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

காத்திருந்தவர்களுக்கு

கணவனைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், வட்டுவாகலில் பிரிந்தவர்கள், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தில் கொட்டிலுக்குள் இருந்தவர்கள். 2009 இல் 30 வயதை எட்டியிருந்தவர்கள் இன்று 45ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு மாதவிடாய் நிற்பது வெறும் உடல் விடயமாக இருப்பதில்லை.

"அவர் வந்தா இன்னொரு பிள்ளை பெறலாம் எண்டு ஒரு நினைப்பு இருந்தது. ஆருக்கும் சொல்லேல்லை. இப்ப அதுவும் இல்லை" என்று ஒரு சகோதரி சொன்னார். இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர் அவர். அவருடைய மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிவந்து மருமகளுக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தார். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

"இந்தத் தொல்லை முடிஞ்சுது, இனி நிம்மதி" என்று சிலருக்குச் சொல்லலாம், உண்மையிலேயே பலருக்கு அது நிம்மதிதான். துடக்கு என்ற பெயரில் ஒதுங்கியிருந்த நாட்கள் இனி இல்லை, துணி தோய்க்கும் பாடு இல்லை. ஆனால் இப்படிக் காத்திருந்த பெண்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லுமுன் யோசியுங்கள். அவர்களுக்கு இது இன்னுமொரு துக்கம். செத்த வீட்டில் எப்படி இருப்போமோ அப்படிக் கொஞ்ச நாள் கூட இருங்கள்.

வீட்டில் ஒருவருமே இல்லாத பெண்களுக்கு அயல்தான் குடும்பம். மாதர் சங்கத்தில் இதே வயதில் மூன்று நான்கு பேர் கட்டாயம் இருப்பார்கள். பின்னேரத்தில் சேர்ந்து ஒரு மைல் தூரம் நடந்தால் எலும்புக்கும் நல்லது, வாய்விட்டுக் கதைக்கவும் இடம் கிடைக்கும்.

சட்டியின் அடியில் மிஞ்சியது

மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும்போதோ, வயதான பின் இடுப்பு முறியும்போதோதான் தெரியவரும். ஆகவே இப்போது அவர் என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். எமது வீடுகளில் தாய் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். மீன் துண்டு பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும், சட்டியைத் துடைத்த குழம்பு தாய்க்கு. முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி, தயிர், பால், எள்ளு, குரக்கன் பிட்டு, முருங்கையிலைச் சுண்டல் என்பன கல்சியம் உள்ளவை. விலை கூடியவையும் அல்ல, நெத்தலிக் கருவாட்டைக்கூட ஊறவிட்டு உப்பைக் கழுவிச் சமைக்கலாம். மகள்மார் ஒரு கோப்பையில் முதலே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். கேட்டால் வேண்டாம் என்பார். வைத்தால் சாப்பிடுவார்.

எதை வயது என்று விடக்கூடாது?

ஒரு வருடமாக நின்றுபோனவருக்கு மறுபடி இரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், உடனே வைத்தியரிடம் போகவேண்டும். "திரும்பவும் இளமை வந்திட்டுது" என்று பகிடியாக எடுத்துக்கொண்டு, கர்ப்பப்பைப் புற்றுநோயை ஒரு வருடம் தாமதித்துக் கண்டுபிடித்த ஒரு குடும்பத்தை அறிவேன். உறவின் பின் இரத்தம், துர்நாற்ற வெள்ளை, கட்டி கட்டியாக நிற்காமல் போகும் உதிரம் என்பனவும் அப்படியே. உதிரம் அதிகம் போகிறவர் களைத்துச் சோர்ந்திருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். நெஞ்சுப் படபடப்பெல்லாம் மாதவிடாய் நிற்பதால் என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். தைரொயிட், பிறசர், இதய நோய் எல்லாவற்றுக்கும் அது அடையாளம். நெஞ்சு நோ கைக்கோ தாடைக்கோ பரவினால் சூடு இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்காக 1996 இலிருந்து நடைபெறும் பெண்கள் நலக் கிளினிக் பற்றி, அதாவது மிட்வைஃப் "வெல் வுமன் கிளினிக்" என்று சொல்வது பற்றி, பலருக்கு இன்னமும் தெரியாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக இலவசமாக நடக்கிறது. மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து, பிறசர், நீரிழிவு எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. உள்ளுறுப்பைப் பரிசோதிப்பது சில பெண்களுக்குப் பழைய கொடுமைகளை ஞாபகப்படுத்தும். அதை முன்கூட்டியே வைத்தியரிடம் அல்லது தாதியிடம் சொல்லலாம், பெண் வைத்தியரைக் கேட்கலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம். கூட ஒரு மகளோ சகோதரியோ போவது நல்லது.

அதிக வேதனைப்படுபவர்களுக்கு ஓமோன் சிகிச்சை உண்டு. 2002 இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டதிலிருந்து இதைப் பற்றிப் பெரும் பயம் பரவியது. 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாத ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே கூட என்பதே இப்போதைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ வந்தவர்களுக்குப் பொதுவாக இது கொடுக்கப்படுவதில்லை. ஓமோன் இல்லாத வேறு குளிசைகளும் இருக்கின்றன. அயலவர் தந்த குளிசையை மட்டும் போடவேண்டாம்.

கிளினிக்குப் போகுமுன் வீட்டுக் கலண்டரில் மாதவிடாய் வந்த நாட்களையும், நித்திரையில்லாத இரவுகளையும் மகள் குறித்துவைத்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது. அந்தக் கிணற்றடித் தாயின் வீட்டில் குறித்தது மகள் அல்ல, மகன்தான். கோயில் கலண்டரில் திதி, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நீலப் பேனையால் சின்னச் சின்னப் புள்ளடிகள். முதல் தடவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தபோது அவன் வாசலுக்கு வெளியே வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் முறை கலண்டர் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, "அம்மா உறைப்புச் சாப்பிடலாமோ மிஸ்?" என்று கேட்டான்.